அமெரிக்க விநோதங்களும் நம் ஊர்ப் பற்றுச்சீட்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

அமெரிக்கர்களின் அன்றாடப் பழக்கங்கள் சிலவற்றை எடுத்துக்காட்டி, பிற நாட்டவருக்கு அவை எவ்வளவு விநோதமாகத் தெரிகின்றன என்பதைச் சுவைபடச் சொல்லும் கட்டுரையொன்று கடந்த ஞாயிறு தங்கள் பத்திரிகையில் வெளிவந்திருந்தது. வாசித்துச் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆயினும், நியூ ஜேர்சி மாநிலத்தில் மகளின் வீட்டில் ஆறு மாதம் தங்கித் திரும்பியவன் என்ற முறையிலும், முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசாங்கத் திணைக்களமொன்றில் கணக்குப் புத்தகங்களோடு காலம் தள்ளியவன் என்ற முறையிலும், அக்கட்டுரை சிரிப்போடு நின்றுவிட்டது எனக்குக் குறையாகவே பட்டது. ஒரு பழக்கம் எப்படி வந்தது, அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்று கட்டுரையாளர் கொஞ்சம் துருவியிருந்தால், அவற்றுள் ஒன்று இப்போது நம் கொழும்பு உணவகங்களின் மேசைக்கே வந்து உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் பட்டிருக்கும். அதைப் பற்றி எழுதவே இக்கடிதம்.

முதலில், கட்டுரையில் சொல்லப்பட்டவற்றுள் பலவற்றைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமையில்லை. தூரத்தை மைலிலும் வெப்பத்தைப் பரனைற்றிலும் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தார். உண்மைதான். மெற்றிக் முறைக்கு மாறுவதற்கென்று 1975 இல் சட்டமொன்றை இயற்றினார்கள். ஆனால் அதை எவர்மீதும் கட்டாயமாக்கவில்லை. அதற்கென நியமித்த சபையையும் 1982 இல் கலைத்துவிட்டார்கள். அது கிடக்கட்டும். வெள்ளவத்தையில் காணி விற்பவர் இன்றைக்கும் பேர்ச்சஸ் என்ற பழைய நில அளவைக் கணக்கில்தானே விலை பேசுகிறார்? பிள்ளைக்குக் காய்ச்சல் 102 என்று டொக்டருக்குச் சொல்கிறோமே, அது எந்த அளவை? மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, நவம்பர் மாதத்து முதல் ஞாயிறு பின்னே இழுக்கும் வழக்கத்தையும் அவர் கேலி செய்திருந்தார். மின்சாரத் தட்டுப்பாட்டின் பேரில் 1996 இல் நாமும் மணிக்கூட்டை முன்னே தள்ளினோம். 2006 ஏப்ரலில் அது பழைய இடத்துக்கு வந்துசேரும்வரை, கலியாண அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு “இது பழைய நேரமோ, புது நேரமோ” என்று கேட்டுத் திரிந்தவர்கள் நம்மவர்கள்.

முட்டையைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து விற்பதற்கும் காரணம் உண்டு. அங்கே முட்டையைக் கழுவிய பின்னரே கடைக்கு அனுப்புகிறார்கள். கழுவும்போது ஓட்டின் மேலுள்ள மெல்லிய இயற்கைப் படலம் போய்விடுவதால், கிருமி உள்ளே புகாதிருக்க அதைக் குளிரில் வைத்தே தீரவேண்டும். கழுவாத நம் முட்டை அட்டைத் தட்டில் வாசலிலேயே இருக்கலாம். மஞ்சள் நிறப் பாடசாலை பஸ் நின்று பிள்ளைகளை இறக்கும்போது, அதன் பக்கவாட்டில் நீளும் சிவப்புப் பலகையைக் கண்டு இரு திசையிலும் வாகனங்கள் அப்படியே நின்றுவிடுவதையும் விநோதப் பட்டியலில் சேர்த்திருந்தார். கொழும்புக் காலி வீதியைப் பிற்பகல் இரண்டு மணிக்குப் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கடந்து பார்த்த எவரும் அதை விநோதம் என்று சொல்லமாட்டார். எனக்கு அது பொறாமையாகத்தான் இருந்தது.

“எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விடும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. போன புதிதில், கடையில் காசு வாங்கும் பெண் அப்படிக் கேட்டபோது, மழைக்குளிருக்கு முழங்கால் நோகிறது, தைலம் பூசியும் கேட்கவில்லை என்று நான் முறையாகப் பதில் சொல்லத் தொடங்கினேன். எனக்குப் பின்னால் நின்ற வரிசை நீண்டதே தவிர, அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்புக் குறையவில்லை. மகள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பிறகு யோசித்துப் பார்த்தேன். ஊரில் யாரும் வெளியே புறப்பட்டுப் படலையடிக்கு வந்தால், எங்கே என்று கேட்பது சகுனத்துக்கு ஆகாதென்று “தூரமோ?” என்று கேட்பார்கள் எங்கள் அம்மம்மா தலைமுறையினர். அதற்கு “ஓம், உதிலதான்” என்பதே முழுப் பதில். எந்தச் சந்திக்கு, எத்தனை மணிக்கு, என்ன அலுவலாக என்று எவரும் விளக்கியதில்லை. கேள்வியின் உருவில் வரும் வணக்கம் எல்லாச் சமூகத்திலும் உண்டு.

இவை எவருடைய பணப்பையையும் தொடாத பழக்கங்கள், ஆகவே விட்டுவிடலாம். பணப்பையைத் தொடுகின்ற இரண்டு பழக்கங்களைக் கட்டுரையாளர் ஒவ்வொரு வரியில் தாண்டிப் போய்விட்டார். ஒன்று, பொருளில் ஒட்டியிருக்கும் விலைக்கு அந்தப் பொருளை வாங்க முடியாமை. மற்றது, உணவகத்தில் பற்றுச்சீட்டுக்கு மேலாகக் கொடுக்க வேண்டிய டிப்ஸ்.

முதலாவதை என் பேத்தி மூலமாகவே கற்றுக்கொண்டேன். அவளது பிறந்தநாளுக்கு 5 டொலர் தாளொன்றைக் கையில் கொடுத்து, பிடித்ததை நீயே வாங்கிக்கொள் என்றேன். அவள் கடை முழுவதும் சுற்றி, சரியாக 5 டொலர் என்று ஒட்டியிருந்த வண்ணக் களிமண் பெட்டியொன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். இயந்திரம் 5 டொலர் 33 சதம் என்றது. அந்த மாநிலத்தின் விற்பனை வரி 6.625 வீதம். அதை விலைச்சீட்டில் சேர்ப்பதில்லை. காசு கட்டும் இடத்தில்தான் சேர்க்கிறார்கள். என்னிடம் சில்லறை இல்லை. பிள்ளையின் கீழுதடு பிதுங்கத் தொடங்கியபோது, பின்னால் நின்ற முன்பின் அறியாத பெண்மணி ஒருவர் 25 சத நாணயங்கள் இரண்டை மேசையில் வைத்துவிட்டு, மிச்சத்தையும் வாங்காமல் சிரித்தார். அந்நாட்டின் விலைச்சீட்டைக் குறை சொல்லும் நான், அந்த நாட்டு மனிதரைப் பற்றியும் சொல்லவேண்டும் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

ஏன் விலையிலேயே சேர்த்து ஒட்டக்கூடாது என்று மருமகனிடம் கேட்டேன். நம்முடைய வற் எனப்படும் பெறுமதி சேர் வரியைப் போல நாடு முழுமைக்குமான விற்பனை வரி அங்கே இல்லை. மாநிலங்கள் தத்தமக்கு விதிக்கின்றன. பல மாநிலங்களில் மாவட்டமும் நகரமும் தம் பங்குக்கு மேலும் கொஞ்சம் கூட்டுகின்றன. ஆறு ஒன்றைக் கடந்து பக்கத்து டெலவேர் மாநிலத்துக்குப் போனால் விற்பனை வரியே கிடையாது. அலாஸ்கா, மொன்டானா, நியூ ஹம்ஷயர், ஒரிகன் ஆகியவற்றிலும் மாநில விற்பனை வரி இல்லை. நியூ ஜேர்சியிலேயே சாதாரண உடுப்புக்கு வரி இல்லை, விளையாட்டுச் சாமானுக்கு உண்டு. நாடெங்கும் ஒரே விளம்பரத்தைப் போடும் பெருங்கடைகளுக்கு, வரி சேராத விலையைச் சொல்வதே வசதி. அது குறைந்த விலையாகத் தெரிவது அதைவிட வசதி. காரணம் விளங்குகிறது. ஆனால் அந்த வசதி கடைக்காரருக்குரியது. கையிலிருக்கும் காசை எண்ணிப் பார்த்து வாங்குபவருக்கு அதில் பங்கில்லை.

இரண்டாவது பழக்கம் இதைவிட ஆழமானது. ஒருநாள் இரவு நாங்கள் நால்வரும் உணவகமொன்றுக்குப் போனோம். சாப்பாடு 86 டொலர், வரி 5 டொலர் 70 சதம், ஆகமொத்தம் 91 டொலர் 70 சதம். இவற்றின் கீழே 18 வீதம், 20 வீதம், 22 வீதம் என்று மூன்று தொகைகளைக் கணித்தே அச்சிட்டிருந்தார்கள். பழக்கதோஷத்தால் நான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். 86 டொலருக்கு 20 வீதம் 17 டொலர் 20 சதம். அங்கே அச்சிட்டிருந்ததோ 18 டொலர் 34 சதம். வரிக்கும் சேர்த்து டிப்ஸ் கணித்திருக்கிறார்கள்! எங்களுக்குப் பரிமாறிய பெண்பிள்ளை வரியைப் பரிமாறவில்லையே என்று நான் தொடங்கியதும், மருமகன் குரலைத் தாழ்த்தி, “மாமா, அந்த ஒரு டொலர் கணக்கை விடுங்கோ. அந்தப் பிள்ளையின்ர சம்பளமே இதிலதான் இருக்கு” என்றார்.

அவர் சொன்னது மிகையல்ல. அமெரிக்க மத்திய சட்டத்தின்படி ஒரு மணித்தியாலத்துக்கான ஆகக் குறைந்த கூலி 7 டொலர் 25 சதம். 2009 முதல் அதில் மாற்றமில்லை. ஆனால் டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுக்கவேண்டியது 2 டொலர் 13 சதம் மட்டுமே. இந்தத் தொகை 1991 முதல் அப்படியே நிற்கிறது. மிகுதியை வாடிக்கையாளரின் டிப்ஸ் நிரப்பும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நிரப்பாவிட்டால் வித்தியாசத்தை முதலாளி கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நியூ ஜேர்சி உட்படப் பல மாநிலங்கள் இந்த 2 டொலர் 13 சதத்தை உயர்த்தியிருக்கின்றன. கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்கள் இப்படிக் குறைத்துக் கொடுப்பதையே அனுமதிக்காமல், முழுக் கூலியையும் முதலாளியே கொடுக்க வேண்டுமென்று விதித்திருக்கின்றன. விசித்திரம் என்னவென்றால், அந்த மாநிலங்களிலும் வாடிக்கையாளர் டிப்ஸ் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார். சட்டம் போன பிறகும் பழக்கம் போவதில்லை.

இந்தப் பழக்கம் அமெரிக்க மண்ணில் முளைத்ததும் அல்ல. ஐரோப்பியச் சீமான்கள் வேலையாட்களுக்குக் காசு கொடுத்த வழக்கத்தை, அங்கே பயணம் போய்வந்த வசதியான அமெரிக்கர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவந்தார்கள். ஆண்டான் அடிமைப் பழக்கம் நமக்கு ஆகாது என்று அன்றைய அமெரிக்கர்களிலேயே பலர் அதை வெறுத்தார்கள். வாஷிங்டன் மாநிலம் 1909 இல் டிப்ஸ் கொடுப்பதையே சட்டத்தால் தடை செய்தது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1926 அளவில் அச்சட்டங்கள் எல்லாம் நீங்கிவிட்டன. பழக்கம் வேரூன்றியதற்குக் காரணம் முதலாளிமார் அதில் கண்ட இலாபம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களை, புல்மன் என்ற கம்பனி தன் படுக்கை வசதிப் புகையிரதப் பெட்டிகளில் பணியாளராகச் சேர்த்துக்கொண்டு, சொற்பச் சம்பளம் கொடுத்து, மிச்சத்தைப் பயணிகளிடம் வாங்கிக்கொள்ளும்படி விட்டது. அந்தப் பணியாளர்கள் 1925 இல் ஏ. பிலிப் ரண்டொல்ஃபின் தலைமையில் தொழிற்சங்கம் அமைத்து, 1937 இல்தான் கம்பனியோடு முறையான ஒப்பந்தம் செய்ய முடிந்தது. டிப்ஸைக் கூலியின் ஒரு பகுதியாகக் கணக்கிடலாம் என்று 1966 இல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆகவே, ‘அமெரிக்கர் தாராளமாக டிப்ஸ் வைப்பார்கள்’ என்று கட்டுரையாளர் ஒரே வரியில் சொன்னதில் தாராளம் கொஞ்சம்தான். மிகுதி, முதலாளி கொடுக்காத கூலி.

நம் பழக்கமும் அவர்களுக்கு விநோதம் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. மருமகனின் அலுவலக நண்பர் ஒருவர், அமெரிக்கர், ஒருமுறை கொழும்புக்கு வந்தபோது காலி வீதியிலுள்ள சைவக்கடையொன்றுக்கு அழைத்துப் போனேன். நாங்கள் கேட்காமலே ஒரு தட்டு நிறைய உழுந்துவடை, கடலைவடை, போண்டா, சூசியம் எல்லாம் மேசைக்கு வந்தன. நண்பர் இவற்றை முழுவதும் சாப்பிட்டு முடிப்பதே மரியாதை என்று எண்ணி ஐந்தாவது வடையை எடுத்தபோது தடுத்தேன். எடுத்ததற்கு மட்டுமே காசு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும் என்று விளக்கியதும் அவர் திகைத்துப்போனார். மற்றவர் மேசையிலிருந்து வந்ததா என்று ஒரு திகைப்பு. எத்தனை சாப்பிட்டோம் என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும் என்று இன்னொரு திகைப்பு. நாம் சொல்வதுதான் கணக்கு என்றேன். பற்றுச்சீட்டு எழுத வந்த தம்பி, தட்டைப் பார்க்கக்கூட இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். நான் சொன்ன எண்ணிக்கையை எழுதினார். சுவரில் எழுதியிருந்த விலை எதுவோ, அதுவே கொடுத்த விலையும்.

இனி நான் சொல்ல வந்த விடயம். சென்ற மாதம் பழைய அலுவலக நண்பர்கள் மூவருடன் கொள்ளுப்பிட்டிப் பக்கத்தில் உணவகமொன்றுக்குப் போனேன். பெயர் வேண்டாம், இதைச் செய்வது அது ஒன்று மட்டுமல்ல. உணவுப் பட்டியலில் இருந்த விலைகளை மனதுக்குள் கூட்டியபோது வந்த தொகை 9,400 ரூபா. பட்டியலின் அடியில், எனக்கு மூக்குக்கண்ணாடியோடும் சரியாகத் தெரியாத எழுத்தில், சேவைக் கட்டணமும் வரியும் புறம்பானவை என்று போட்டிருந்தது. பற்றுச்சீட்டு வந்தபோது சேவைக் கட்டணம் 10 வீதம், 940 ரூபா. அதன் கீழே, 2024 ஜனவரி முதல் 18 வீதமாகிவிட்ட வற் வரி. மொத்தம் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. இவ்வளவும் கொழும்பில் பழகிப்போன சங்கதி என்று கடனட்டையைக் கொடுத்தேன். பரிசாரகத் தம்பி அட்டை இயந்திரத்தை என் பக்கம் திருப்பி நீட்டினார். திரையில் 10, 15, 20 என்று மூன்று பெட்டிகள். எதையும் கொடுக்க விரும்பாதவருக்கான பெட்டி மிகச் சிறியதாக ஓர் ஓரத்தில் இருந்தது. தம்பி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நியூ ஜேர்சியில் கண்ட அதே திருப்பல்.

சேவைக் கட்டணம் உங்களுக்கு வருகிறதா தம்பி என்று கேட்டேன். “மாத முடிவில கொஞ்சம் வரும் ஐயா” என்று சொல்லிவிட்டு, காசு மேசைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அதற்குமேல் அவரைச் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை. 10 என்ற பெட்டியைத் தொட்டேன். கொடுத்த காசுக்காக எனக்குக் கவலையில்லை. பரிமாறிய தம்பிக்கு மேசையில் ஒரு தாளை வைத்துவிட்டு வருவது நாம் காலங்காலமாகச் செய்வதே. அது மனமுவந்து செய்வது. அதற்கு வீதக் கணக்குக் கிடையாது. சேவைக்கென்று ஒருமுறை 10 வீதம் அறவிட்ட பிறகு, அதே சேவைக்காக இயந்திரத்தை முகத்துக்கு நேரே நீட்டி இரண்டாம் முறை கேட்பதுதான் என் ஆட்சேபம். அமெரிக்க உணவகங்களில் வழக்கமாகச் சேவைக் கட்டணம் என்று தனியாக எழுதாததால் டிப்ஸ் கேட்கிறார்கள். பல ஐரோப்பிய நாடுகளில் சேவையும் வரியும் விலைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. நாமோ இரண்டு முறையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அங்குள்ள விலைச்சீட்டுப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்திருக்கிறோம்.

இத்தனைக்கும் விலையைச் சரியாகச் சொல்லும் விடயத்தில் நாம் அமெரிக்கர்களுக்கே பாடம் எடுக்கலாம். பெட்டிக்கடையில் வாங்கும் சவர்க்காரத்திலும் சோடாப் போத்தலிலும் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கிறது. வரி எல்லாம் அதற்குள் அடக்கம். அதற்குமேல் ஒரு ரூபா கூட்டி விற்றாலும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரலாம். என் பேத்தி வெள்ளவத்தைக் கடையொன்றில் களிமண் பெட்டி வாங்கியிருந்தால், பெட்டியில் கண்ட விலையோடு வீட்டுக்கு வந்திருப்பாள். சவர்க்காரத்துக்கு இயலுமானது சாப்பாட்டுப் பட்டியலுக்கு ஏன் இயலாது? சேவைக் கட்டணம், வரி இரண்டையும் உள்ளடக்கிய தொகையைப் பட்டியலிலேயே பெரிதாகப் போட்டுவிட்டு, அதன் பிரிவுகளைப் பற்றுச்சீட்டில் விபரமாகக் காட்டலாம். இது கணக்காளர் ஒருவருக்கு அரைநாள் வேலை. நான் செய்து பார்த்துச் சொல்கிறேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் மூன்று விடயங்களைக் கேட்டு வெளியிடுங்கள். உணவுப் பட்டியலில் முழுத் தொகையைக் காட்டாமல் விடலாமா? சேவைக் கட்டணம் அறவிட்ட பின்னர் அட்டை இயந்திரத்தில் வீதக் கணக்கில் டிப்ஸ் கேட்கலாமா? அறவிட்ட சேவைக் கட்டணம் பரிமாறியவரின் கைக்குப் போய்ச் சேர்ந்ததை எந்த ஏடு காட்டும்? கடைசிக் கேள்விக்குப் பதில் அந்தத் தம்பிக்கும் பயன்படும்.

ஆகஸ்ட் மாத விடுமுறைக்கு மகள் குடும்பத்தோடு கொழும்புக்கு வருகிறாள். பேத்திக்கு இப்போது வீதக் கணக்குத் தெரியும். 20 வீதத்தை மனக்கணக்காகவே சொல்லிவிடுவாளாம். அவள் வருவதற்கு முன் பதில் வெளிவந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.